தஞ்சாவூரில் இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை ஆரம்பித்தால் என் போன் ஓயாது. சென்னைச் சித்தி, பெங்களூர் நண்பர், நண்பரின் மைத்துனர் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். "நீ தஞ்சாவூரில்தானே இருக்கிறாய், இரண்டு நாள் வரலாம் என்றிருக்கிறோம், என்ன பார்ப்பது, எப்படிச் சுற்றுவது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்துவிட்டேன்.

ஒரு நாள் போதாதா?

பெரிய கோவிலை மட்டும் பார்த்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டம் தினமும் வருகிறது. அவர்களுக்கு இரண்டு மணி நேரமே போதும். ஆனால் ஊரைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூருக்கு ஒரு முழு நாள், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு நாள் வேண்டும். இந்த மூன்று கோவில்களையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்கிறது. பெரிய கோவில் 1987-இலும் மற்ற இரண்டும் 2004-இலும் பட்டியலில் ஏறின.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் உறைக்காது, தை அறுவடைக்கு முன்பு வந்தால் சாலைக்கு இரண்டு பக்கமும் வயல் நிறைந்திருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நனைந்த கல்லில் கோவில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நாளும் அறைக்குள்ளேயே கழிந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்களை நான் தடுப்பதில்லை, எச்சரிப்பதோடு சரி.

தேதி குறிக்கும் முன் காலண்டரில் பிரதோஷத்தைப் பாருங்கள். அன்று மாலை நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். அதைப் பார்க்கவே வருவதானால் சரி. நிதானமாகச் சிற்பம் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் வாருங்கள். ராஜராஜன் பிறந்த ஐப்பசி சதயத்தன்றும் சித்திரைத் தேரன்றும் இதே கதைதான்.

சென்னையிலிருந்து ரயிலா, பஸ்ஸா?

ரயில். எழும்பூரில் இரவு ஏறிப் படுத்தால் விடியற்காலை இங்கே இறங்கலாம். உழவன் எக்ஸ்பிரஸ் அப்படி ஓடுகிற வண்டி. அது சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக மெயின் லைனில் வரும். விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம், திருச்சி வழியாகப் போவது கார்டு லைன். தென்மாவட்ட வண்டிகள் பெரும்பாலும் கார்டு லைனில்தான் போகும். ஆகவே தஞ்சாவூர் வண்டியில் டிக்கெட் கிடைக்காவிட்டால், மதுரைப் பக்கம் போகிற ஏதாவது ஒரு வண்டியில் ஏறித் திருச்சியில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். திருச்சி - தஞ்சாவூர் பஸ்ஸுக்கு யாரும் நேரம் பார்த்துப் போவதில்லை, ஒன்று போனால் அடுத்தது நிற்கும்.

விமானத்தில் வருகிறவர்களுக்கும் திருச்சிதான். சென்னையிலிருந்து பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பஸ் எங்கே இறக்கிவிடும்? இரண்டு பஸ் ஸ்டாண்ட் இருக்கிறதாமே?

இருக்கிறது, அதில்தான் பலர் குழம்புகிறார்கள். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை போன்ற வெளியூர்ப் பஸ்கள் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அது ஊருக்கு வெளியே, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய பேருந்து நிலையம் ஊருக்கு நடுவில். பெரிய கோவிலும் அரண்மனையும் அங்கிருந்து நடக்கிற தூரம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். "பெரிய கோவில் போகுமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து வருகிற பெண்கள் இது தெரியாமல் சில்லறையை நீட்டுவார்கள். கண்டக்டர் பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

எங்கே தங்குவது?

ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடுவே காந்திஜி சாலை ஓடுகிறது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எந்த வசதியில் வேண்டுமானாலும் அறை கிடைக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் குறுக்கிடும், அந்த இடத்துக்கு ஆற்றுப்பாலம் என்று பெயர். ஊர்க்காரர்கள் 'புது ஆறு' என்கிற அந்தக் கல்லணைக் கால்வாய் 1930-களில் வெட்டியது. ஆயிரம் வருஷக் கோவில் உள்ள ஊரில் தொண்ணூறு வருஷத்து ஆறு புதுசாகத்தான் இருக்கும்!

புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் வாடகை கொஞ்சம் குறைவு என்று அங்கே அறை போடுகிறவர்கள் உண்டு. மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குப் போய்விடும். அதைவிட முக்கியம், மத்தியானம் அறைக்குத் திரும்பிப் படுக்க முடியாது. இந்த ஊரில் மத்தியானத் தூக்கம் பயணத் திட்டத்தின் ஒரு பகுதி. காரணம் கீழே.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

நடந்துதான். பழைய தஞ்சாவூர் சின்ன ஊர். கீழவீதி, மேலவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி என்று நான்கு ராஜவீதிகள், அதற்குள் ஊர். ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோவில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோவிலிலிருந்து அரண்மனையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெயில் நேரத்தில் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம், ஏறுமுன் பேசிவிடுங்கள். "பெரிய கோவில், அரண்மனை, பூங்கா, பொம்மைக் கடை எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ரயிலடியில் சொல்லும் மொத்தக் கணக்குக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பொம்மைக் கடையில்தான் அதிக நேரம் நிறுத்துவார்கள்.

கோவில் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெரிய கோவில் காலை 6 மணிக்குத் திறக்கும். பகல் 12:30-க்கு நடை சாத்துவார்கள். மறுபடி 4 மணிக்குத் திறந்து இரவு 8:30 வரை இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

டெல்டாவில் ஏறக்குறைய எல்லாக் கோவிலும் இப்படித்தான், நடுப்பகலில் மூன்று நான்கு மணி நேரம் கதவு சாத்தியிருக்கும். வெளியூர்க்காரர்கள் போடும் திட்டம் எல்லாம் இந்த இடத்தில்தான் உடைகிறது. ஒருமுறை என் பெரியப்பா குடும்பம் பெங்களூரிலிருந்து வேனில் கிளம்பியது. வழியில் ஒரு ஓட்டலில் இட்லிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து, 12:20-க்குக் கோவில் வாசலில் வந்து இறங்கினார்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். மே மாதம். முற்றம் முழுக்கக் கல்தளம். பெரியம்மா நந்தி மண்டபத்து நிழல்வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா மட்டும் குதித்துக் குதித்துப் படியேறினார், அதற்குள் திரை போட்டாயிற்று.

ஆகவே திட்டம் எளிது: காலை 6 முதல் 9 வரை கோவில். 10 முதல் 1 வரை கூரைக்குக் கீழே இருக்கிற அரண்மனை. சாப்பாடு, தூக்கம். 4:30-க்கு மேல் மறுபடி வெளியே. வெயிலில் வர நேர்ந்தால் ஒரு ஜோடி பழைய காலுறையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கோவிலில் எதைப் பார்ப்பது? சாமி கும்பிட்டுவிட்டு வந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே?

முதலில் இரண்டு கோபுரங்களைத் தாண்டி உள்ளே போவீர்கள். வெளியே இருப்பது கேரளாந்தகன் திருவாசல், அடுத்தது ராஜராஜன் திருவாசல். எல்லோரும் எதிரே தெரியும் நந்தியைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது வாசலைக் கடந்துவிடுவார்கள். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பிரம்மாண்டமான துவாரபாலகர் ஒருவர் காலடியில் பாம்பு ஒன்று யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை அத்தனை பெரியது, அதை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கும் காவலாளி எவ்வளவு பெரியவர், அவர் காக்கிற சாமி எவ்வளவு பெரியவர் என்று கணக்குப் போட வைக்கிற சிற்பம் அது.

நந்தி சோழர் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதியும் பிற்காலத்தில் சேர்த்ததுதான். ராஜராஜன் 1010-இல் முடித்தது நடுவில் கருவறைக்கு மேல் நிற்கும் விமானமும் சுற்று மாளிகையும் இந்த இரண்டு வாசல்களும். விமானத்தின் உயரம் 216 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பக்கத்தில் கருங்கல் மலை எதுவும் இல்லாத வயல்வெளியில் இத்தனை கல்லைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அப்புறம் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நடங்கள். கண் மட்டத்துக்குக் கீழே, வரி வரியாகக் கல்வெட்டு. யார் என்ன கொடுத்தார்கள் என்பது எல்லாம் பெயரோடு இருக்கிறது. அரசன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, அரசியர் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது. கோவிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு ஆடல் மகளிரின் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு விலாசம்! இத்தனையும் கண்ணெதிரே இருந்தும், ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் கோவிலைக் கட்டியவர் கரிகாலன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1880-களில் ஹூல்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டு அறிஞர் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் பெயர் வெளியே வந்தது.

வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் சன்னதியை விட்டுவிடாதீர்கள். அது நாயக்கர் காலம். விமானத்தின் முரட்டு அழகைப் பார்த்த கண்ணுக்கு இது நகை வேலை மாதிரி தெரியும். காலையில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை என்று கோவிலுக்கு இரண்டு தடவை போங்கள். மாலை வெயிலில் அந்தக் கல் தேன் நிறத்துக்கு மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோபுர நிழல் தரையில் விழாதாமே? உச்சிக்கல் எண்பது டன் ஒரே கல்லாமே?

நிழல் விழும். நாலரை மணிக்கு வந்தால் அந்த நிழலில்தான் நீங்களே நிற்பீர்கள். உச்சியில் இருப்பதும் ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்துக் கட்டியதுதான். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி அந்தக் கல்லை உருட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது நல்ல கதை, சிறுவயதில் நானும் நம்பினேன். பொய்யான அதிசயத்தைத் தேடி மேலே பார்க்கிறவர்கள் காலடியில் இருக்கும் கல்வெட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

சோழர் கால ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

நேரில் முடியாது. கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் இருக்கின்றன, பொதுமக்களை அனுமதிப்பதில்லை. மேல்தளத்தில் இருக்கும், கரணம் என்கிற நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்களும் அப்படித்தான். நூற்றெட்டு கரணங்களுக்கு இடம் விட்டு எண்பத்தொன்றை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். மீதிக் கல் வெறுமையாக நிற்கிறது. ஓவியங்களின் படங்களைக் கோவில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். சுற்று மாளிகைச் சுவரில் நீங்கள் பார்க்கும் ஓவியங்கள் மராட்டியர் காலத்தவை. "சோழர் ஓவியம் பார்த்தேன்" என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அனுப்புவது பெரும்பாலும் அதைத்தான்.

அரண்மனை பார்க்கத்தான் வேண்டுமா? போனவர்கள் இடிந்து கிடக்கிறது என்றார்களே?

கட்டடத்தைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். நாயக்கர்கள் கட்டி மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை. சில பகுதிகள் நன்றாக இருக்கின்றன, சில பகுதிகளில் புறா குடியிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் சீட்டு வேறு தனித்தனி. ஆனால் அதற்குள் இருக்கும் கலைக்கூடத்தை விட்டுவிட்டு யாராவது ஊர் திரும்பினால் நான் அவர்களிடம் ஒரு வாரம் பேசுவதில்லை.

திருவெண்காட்டில் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ரிஷபவாகன மூர்த்தி என்று ஒரு சிவன். கோவில் கல்வெட்டுப்படி 1011-இல் செய்தது, அதாவது பெரிய கோவில் முடிந்த மறு வருஷம். தலையில் சடையைப் பாம்பு போலச் சுற்றித் தலைப்பாகையாகக் கட்டியிருப்பார். ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே போட்டு, ஒரு கையை எதன்மீதோ சாய்த்தவாறு நிற்பார். சாய்ந்திருந்த காளை கிடைக்கவில்லை. கை மட்டும் காற்றில் இருக்கிறது. ஆனாலும் அங்கே காளை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடுப்பின் சாய்வில் அதன் உயரம், அகலம் எல்லாம் இருக்கிறது. பக்கவாட்டில் போய் ஒருமுறை, பின்னால் போய் ஒருமுறை பாருங்கள்.

அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரரும் இங்கேதான். சிவன் கையைப் பிடித்திருக்கும் பார்வதியின் நாணத்தைப் பார்த்தால், செம்பு வார்த்தவர் வீட்டில் அப்போதுதான் ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் போகலாமா?

சுவடிகள் இருக்கும் இடத்துக்கு ஆய்வாளர்கள்தான் போகலாம். நமக்கு அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. புதன்கிழமை விடுமுறை, குறித்துக்கொள்ளுங்கள். நூலகம் நாயக்கர் காலத்திலேயே தொடங்கியது என்றாலும் அதை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி. புத்தகப் பைத்தியம். கண் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களைக் கண் படத்தோடு எழுதி வைத்தவர். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒப்பிடும் பிரெஞ்சுப் படங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்கு எதிரே வருகிறவர்கள் எல்லோருமே ஆடு, ஆந்தையாகத் தெரிவார்கள்.

மத்தியானம் தூங்காதவர்கள் என்ன செய்வது?

பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது, 1779-இல் கட்டியது. சரபோஜிக்குச் சிறுவயதில் ஆதரவாக இருந்தவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். அவர் மரணப் படுக்கையில் இருக்க, சரபோஜி பக்கத்தில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது. சரபோஜியே லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. எல்லா நேரமும் திறந்திருக்காது, காவலரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். மேலவீதியில் பங்காரு காமாட்சி கோவிலும் அருகில்தான், ஆனால் அதுவும் மத்தியானத்தில் சாத்தியிருக்கும், மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு அலுப்பாக இருக்காதா?

ஏதாவது ஒன்றைத் தேடச் சொன்னால் அலுக்காது. பெரிய கோவில் விமானத்தின் வடக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவம் இருக்கிறது. கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டு நீங்கள் கல்வெட்டைப் பாருங்கள். அரண்மனையில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள், தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. சோழர் செம்பெல்லாம் மறந்துபோனாலும் அதை எந்தக் குழந்தையும் மறப்பதில்லை.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. வெளி முற்றம் சமதளம், சுற்று மாளிகையில் நிழலில் உட்காரலாம். கருவறைக்குப் போகும் படிகள் மட்டும் உயரமானவை, கைப்பிடித்து ஏற்றவேண்டும். வாசல் நிலைகளும் உயரம்தான். காலை ஆறரை மணிக்கு அழைத்துப் போனால் கூட்டமும் இராது, கல்லும் குளிர்ந்திருக்கும்.

இரண்டாம் நாளை எப்படிப் போடுவது?

வாடகைக் கார் பேசிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் தூரத்தில் இருப்பது, அதாவது கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணம், அணைக்கரை வழியாக எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே எட்டரைக்கெல்லாம் இருந்தால் பன்னிரண்டு மணிக் கதவைப் பற்றிக் கவலை இல்லை. பலர் தாராசுரத்தையும் கும்பகோணத்துக் கோவில்களையும் முதலில் பார்த்துவிட்டு, ஒரு மணிக்குச் சோழபுரம் போய்ப் பூட்டிய சன்னதிக்கு முன்னால் நிற்கிறார்கள்.

போகும் வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பீர்கள். 1836-இல் ஆங்கிலேயர்கள் கட்டிய கீழணை அது. அதைக் கட்ட, ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோவிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்துத்தான் கல் எடுத்தார்கள். பாலத்தில் போகும்போது கோவிலின் ஒரு பகுதி மீதுதான் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழபுரத்தில் இறங்கியதும் மதில் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தேவையிருக்காது.

விமானம் தஞ்சாவூரைவிட உயரம் குறைவு. அப்பாவை மிஞ்சக்கூடாது என்று மகன் நினைத்தான் என்பார்கள். அது எப்படியோ, இங்கே கோடு வளைகிறது. தஞ்சாவூர் விமானம் நேராக ஏறுகிறது, இது உள்வாங்கி ஏறுகிறது. வடக்கு வாசல் படி அருகே சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் கொடுங்கள்.

திரும்பும்போது தாராசுரம், கும்பகோணத்துக்கு நாலு கிலோமீட்டருக்குள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. இது குனிந்து பார்க்க வேண்டிய கோவில். கல்லில் சக்கரமும் குதிரையும் பூட்டித் தேராக்கிய மண்டபம், அடித்தளத்தில் உள்ளங்கை அகலத்தில் நாயன்மார் கதைகள், ஒரே தலையை யானைக்கும் காளைக்கும் பொதுவாக வைத்த சிற்பம். ஒன்றை மறைத்தால் மற்றது தெரியும். மூன்று கோவிலில் எது பிடித்தது என்று என்னைக் கேட்டால் தாராசுரம் என்பேன், ஆனால் தஞ்சாவூரில் வைத்துச் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

கார் வைக்காமல் பஸ், ரயிலிலேயே முடியுமா?

முடியும், ஒன்றைக் குறைத்துக்கொண்டால். கும்பகோணத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து தாராசுரத்துக்கு ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் போகலாம், ஆனால் திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் நேரம் போய்விடும். சென்னையிலிருந்து மெயின் லைன் வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் நாள் கும்பகோணத்திலேயே இறங்கி, அந்தப் பக்கத்தை முடித்துக்கொண்டு, இரவு தஞ்சாவூர் வந்து தங்குங்கள். போன வழியிலேயே திரும்பிப் போகும் அலைச்சல் மிச்சம்.

திருவையாறு?

அரை நாள் கையில் இருந்தால் போங்கள், பதின்மூன்று கிலோமீட்டர்தான். பழைய பேருந்து நிலையத்தில் பஸ். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை எண்ணிக்கொண்டே போகலாம். காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. தை மாத ஆராதனை நேரத்தில் மட்டும் அறை முதல் ஆட்டோ வரை எதுவும் சுலபத்தில் கிடைக்காது. திரும்பும்போது அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பில் செய்த அல்வா, நெய் கையில் ஒட்டும்.

சாப்பாடு?

இங்கே யாரும் பட்டினி கிடந்ததில்லை. காலையில் கும்பகோணம் பக்கம் இருந்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா கேளுங்கள், எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்காது. மத்தியானம் இலைச் சாப்பாடு. இனிப்பில் சந்திரகலா. சாம்பாரே தஞ்சை மராட்டியர் சமையலறையில் பிறந்ததுதான் என்று ஒரு கதை உண்டு. நிரூபிக்க முடியாது, ஆனால் பரிமாறுகிறவர் சொன்னால் மறுக்காதீர்கள், இன்னொரு கரண்டி விழும்.

என்ன வாங்கிப் போகலாம்?

தலையாட்டி பொம்மை. அடி கனமான உருண்டை என்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பது ஒரு வகை, தலை, உடல் எல்லாம் தனித்தனியாகக் கம்பியில் ஆடும் நாட்டியப் பெண் மற்றொரு வகை. இரண்டாவதைப் பெட்டியோடு கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூட்கேஸுக்கு அடியில் போட்டால் ஊர் சேரும்போது தலை ஆடாது, தலையே இருக்காது.

தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதானால் ஒட்டியிருப்பது தங்க ரேக்கா, வெறும் பளபளக் காகிதமா என்று கேளுங்கள். விலை மிகவும் மலிவாக இருந்தால் கேட்கவே வேண்டாம், காகிதம்தான். காசு அதிகம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு நெட்டி வேலைப்பாடு. தண்ணீரில் வளரும் செடித் தண்டைச் சீவி, தந்தம் போல வெள்ளையாகக் கோவிலும் பொம்மையும் செய்வார்கள். கையில் எடுத்தால் எடையே இருக்காது. பெரியவர்களுக்குக் கும்பகோணம் வெற்றிலையும் சீவலும்.

போட்டோ எடுக்கலாமா?

வெளியே எடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது. முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ட்ரோன் நினைப்பையே விட்டுவிடுங்கள்.

கடைசி நாள் இரவு ரயில். அறையைக் காலி செய்த பிறகு மாலையை எப்படிக் கழிப்பது?

கோவிலில்தான். பையை விடுதி வரவேற்பில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஆறு மணிக்குக் கோவிலுக்குப் போய், சுற்று மாளிகைத் திண்ணையில் உட்காருங்கள். ஊர்க்காரர்கள் குழந்தைகளை ஓடவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், விளக்குப் போட்டதும் விமானம் மஞ்சளாக எழும்பும். எட்டேகால் வாக்கில் காவலர் விசில் ஊதிக்கொண்டு வருவார். வெளியே வந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தால் ரயிலடி இருபது நிமிஷம். செருப்பை எந்த வரிசையில் விட்டீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அந்த நேரத்தில் எல்லாச் செருப்பும் ஒரே மாதிரி தெரியும்.